நடைமிஷினும் மூன்றாவது ஓலையும்

தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் அம்புரோஸ் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் கப்பல் சப்ளை அம்புரோஸ் ஒருவர்தான். எந்த அம்புரோஸ் என்று யாராவது கேட்டால் சனம் வாயால் பதில் சொல்லாது, இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டும். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் கறி, மீன், காய்கறி, குடிதண்ணீர் ஏற்றிவிடும் கம்பெனியில் அவர் மேற்பார்வையாளர். கப்பலுக்குப் போனால் கேப்டன் சாப்பிட வைக்காமல் இறக்கிவிட மாட்டான். ஊருக்குள் வந்தால் ஊர் விடாது. ஐம்பத்திரண்டு வயதுக்குள் மனுசன் ஊதிப் பருத்துவிட்டார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வருத்தம் வந்தது 1976-ல், மகள் ஞானசௌந்தரிக்கு நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரம். மனுசன் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாரே என்று மனைவி பிலோமி அவரை டாக்டர் சிவசுப்பிரமணியனிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவருடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"சுகர், அண்ணாச்சி. நல்லாவே இருக்கு," என்றார் டாக்டர். "மாத்திர பாதி, நட பாதி. தெனமும் மூணு மைல் நடக்கணும். நடக்கலன்னா காலுலதான் கொண்டுபோயி விடும், பாத்துக்கிடுங்க."

கால் என்றதும் அம்புரோஸுக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. செத்துப்போன அவருடைய அப்பாவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. பத்து வருசம் கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடந்த சத்தம் மகன் காதில் இன்னும் இருக்கிறது. அந்த மூன்று மைலை எப்படியாவது நடந்துவிடுவது என்று அங்கேயே, மாதாமேல் சத்தியமாக, முடிவு செய்துகொண்டார்.

முடிவு செய்துவிடலாம். நடப்பது யார்? மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வந்தபோது தரகர் மூன்று கேள்விதான் கேட்டார். வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா, கோட்டி, பைத்தியம் உண்டா, சுகர் உண்டா? "ஒண்ணும் கெடையாது," என்று பிலோமி நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மைதான். மாப்பிள்ளை ஹென்றி மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிற பையன், நல்ல குணம். சௌந்தரிக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது என்பது, அவன் பேரைக் கேட்டாலே அவள் அடுப்பில் பாலைப் பொங்கவிடுவதிலிருந்து தெரிந்தது. இந்த நேரத்தில் 'அப்பனுக்குச் சுகர், நாளைக்குப் பிள்ளைகளுக்கும் வரும்' என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், சம்பந்தம் கோவிந்தா.

சரி, யாரிடமும் சொல்லாமல் நடந்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பவர்கள் தூத்துக்குடிக்கு வெளியூர்க்காரர்கள். அங்கே தெருவில் ஒருவன் நடந்தால் எதிரே வருகிறவன் "எங்க போறிய?" என்று கேட்டாகவேண்டும். கேட்காவிட்டால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். நடக்கிறவன் பதில் சொல்லியாகவேண்டும். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் ஆளைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் என்ன சண்டை என்று விசாரிப்பார்கள்.

முதல் நாள் விடிந்ததும் அம்புரோஸ் இறங்கினார். அடுத்த வீட்டுப் பேபி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் ஒரு சேதி தந்தி ஆபீசுக்குப் போகுமுன் பேபியிடம் வந்துவிட்டுத்தான் போகும்.

"என்னண்ணே, இந்த நேரத்துல எங்க போறிய?"

"மீனு வாங்க."

திரும்பி வரும்போது வெறுங்கையோடு வரமுடியுமா? ஒரு சீலாவை வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாளும் மீன், அதற்கு மறுநாளும் மீன். வெள்ளிக்கிழமையும் மீனோடு வந்தபோது பிலோமி தலையில் அடித்துக்கொண்டாள். "இஞ்சேருங்க, இனிமே மீனக் கொண்டாந்தா நானே அதக் கொண்டுபோயி கடல்ல விட்டுட்டு வந்துருவேன்!"

சனிக்கிழமை பொய்யை மாற்றினார். தந்தி கொடுக்கப் போவதாகச் சொன்னார். அவர் தெருமுனை திரும்பவில்லை, பேபி துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "எந்த மகராசன் போனானோ, சேசு மரியே!" என்று பிலோமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டார் நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். செத்தது யார் என்று தெரியாமலே அரைமணி நேரம் ஒப்பாரி நடந்தது.

அப்புறம்தான் அவருக்கு அந்த அருமையான பொய் கிடைத்தது. பங்குச் சாமியாரின் பங்களா மாதா கோயிலுக்குப் பின்னால், வீட்டிலிருந்து சரியாக ஒன்றரை மைல். போய்வந்தால் மூன்று மைல். "சாமியாரப் பாக்கப் போறேன்" என்று சொன்னால், என்ன விசயம் என்று அடுத்த கேள்வியை எந்தக் கிறிஸ்தவனும் கேட்கமாட்டான். ஆத்தும காரியம்! பங்களா கேட்டைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில் ஒரு சங்கதியை யோசிக்க மறந்துவிட்டார். அது கல்யாண ஓலை வாசிக்கிற காலம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் அறிவிக்கவேண்டும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிப்பார்கள். ஹென்றிக்கும் ஞானசௌந்தரிக்கும் முதல் ஓலை அப்போதுதான் வாசித்து முடிந்திருந்தது. ஓலை வாசித்த மறுநாளிலிருந்து பெண்ணின் அப்பன் தினமும் விடியற்காலையில் வேர்க்க விறுவிறுக்கச் சாமியாரைப் பார்க்கப் போனால் ஊர் என்ன நினைக்கும்? நடக்கிறவருக்கு அது உறைக்கவே இல்லை.

அந்த வாரம்தான் உரச் சரக்கோடு ஒரு கிரேக்கக் கப்பல் புதுத் துறைமுகத்தில் வந்து கட்டியது. அதன் சீஃப் எஞ்சினியர் பழகின ஆள். போன கிறிஸ்துமசுக்கு அம்புரோஸ் வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் கிடந்த சாய்வு நாற்காலியில் படுத்தவன், கப்பல் கிளம்ப ஒருமணி நேரம் இருக்கும்போதுதான் எழுந்தான். தேக்கில் செய்து பிரம்பு பின்னிய நாற்காலி அது. கால் நீட்டிக்கொள்ளக் கைப்பிடியில் நீளச் சட்டம் வைத்தது. பிலோமி கல்யாணமாகி வரும்போது அவளுடைய அப்பா கொடுத்துவிட்டது.

முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றிவிட்டு சீஃபின் அறைக்குப் போன அம்புரோஸ், மூலையில் ஒரு விசித்திரமான சாமானைப் பார்த்தார். இரும்புச் சட்டம், அதற்குள் வரிசையாக உருளைகள், உருளைகளைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் பெல்ட், முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கம்பியில் சீஃபின் ஈரக் காற்சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

பாதி இங்கிலீஷிலும் பாதிக் கையாலும் சீஃப் விளக்கினான். அவன் ஊர் டாக்டர் அவனை நடக்கச் சொன்னாராம். கப்பலில் எங்கே நடப்பது? அதற்காக வாங்கிய நடைமிஷின். ஏறி நடந்தால் பெல்ட் பின்னால் ஓடும், ஆள் இருந்த இடத்திலேயே இருப்பான், எத்தனை மைல் என்று முள் காட்டும்.

அம்புரோஸ் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முதல் எட்டுக்கே பெல்ட் காலை வாரி, கம்பியைக் கட்டிக்கொண்டு தொங்கினார். சீஃப் இடுப்பைப் பிடித்து நிமிர்த்திவிட்டான். இரண்டாவது தடவை பைய நடந்தார். கடகட என்று உருளைகள் உருண்டன. பத்து நிமிசத்தில் முள் அரை மைலைத் தொட்டது. அரை மைல்! அந்த அரை மைலில் ஒரு மனுசன், ஒரே ஒரு மனுசன், எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அம்புரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"விக்கிறியா?" என்று கேட்டார்.

சீஃபுக்குக் காசு வேண்டாமாம். இனிமேல் ஒரு எட்டுக்கூட நடக்க அவனுக்கு உத்தேசமில்லை. உட்காரத்தான் ஆசை. அந்தச் சாய்வு நாற்காலியைக் கொடுத்தால் மிஷினைக் கொண்டுபோகலாம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது, அதற்குள் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வந்து விசயத்தை அவிழ்த்ததும் பிலோமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா தந்த நாற்காலியக் குடுத்துட்டு, வீட்டுக்குள்ள நின்ன எடத்துலயே நடக்கப் போறியளா? கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?"

"ஏளா, சத்தம் போடாத. சௌந்தரி காதுல விழுந்துரும். தெருவுல நடந்தா கேள்வி கேட்டே கொல்லுதானுவ. இது வீட்டுக்குள்ள. ஒருத்தனுக்கும் தெரியாது."

"ஒருத்தனுக்கும் தெரியாதாக்கும்! கூடத்துல போட்டா வாரவ போறவ எல்லாம் இது என்னதுன்னு கேப்பா. உள்ரூம்புல போட்டா கதவு தொறக்காது. அடுப்பங்கரையில போட்டா நான் ஒங்க தலைக்கு மேல நின்னா சோறு பொங்கணும்? கடகடன்னு உருளுமாமே. பேபி வீட்டுக்கும் நமக்கும் ஒரே சொவரு. என்ன அரைக்கியன்னு கேட்டு மொளகாயத் தூக்கிட்டு வந்து நிப்பா!"

நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் அம்புரோஸ் விடவில்லை. ஒரு வாரம் முழுக்க அளவு நாடாவும் கையுமாகத் திரிந்தார். அலமாரியை நகர்த்திப் பார்த்தார். கட்டிலைக் குறுக்கே போட்டுப் பார்த்தார். ஒருநாள் மேஜைக்கு அடியில் மிஷினை வைத்துக் குனிந்தபடியே நடக்கமுடியுமா என்று தவழ்ந்தும் பார்த்தார். தவழ்ந்தவரைத் தூக்கிவிடப் பிலோமியும் சௌந்தரியும் சேரவேண்டியிருந்தது. சாவி விழுந்துவிட்டது என்று மகளிடமும் ஒரு பொய் சொன்னார். காலையில் மட்டும் தவறாமல் சாமியார் பங்களா கேட்டைத் தொட்டுவிட்டு வந்தார். இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை பிற்பகல், மாப்பிள்ளையின் அப்பா விக்டர் வந்தார். அவரும் லேசான உடம்பு இல்லை. கண்கள் சிவந்திருந்தன. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம்மவனுக்குக் கொழும்புல ஒரு பொண்டாட்டி இருக்கான்னு ஓமக்கு யாருவே சொன்னா?"

அம்புரோஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கொழும்புலயா? நான் எங்க சொன்னேன்?"

"நீரு சொல்லாமலா ஊரெல்லாம் பேசுது? ரெண்டு வாரமா தெனமும் விடியமுன்ன சாமியார்ட்ட ஓடுதீரு. ஓல வாசிக்க நேரத்துல பொண்ணப் பெத்தவன் அங்க எதுக்கு ஓடுவான்? தட சொல்லத்தானே? பய ரெண்டு தடவ ஆபீசு வேலையா ராமேசுவரம் போனான், அதுக்குக் கொழும்பு வரைக்கும் தோணி விட்டுட்டானுவ! எம் பொண்டாட்டி மூணு நாளாச் சாப்புடல."

"சேசுவே! அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்பம் சாமியார்ட்ட என்ன பேச்சு?"

இதுதான் இடம். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் உள்கதவுக்குப் பின்னால் சௌந்தரியின் புடவை தெரிந்தது. சுகர் என்று சொல்லி அதிலேயே சம்பந்தம் முறிந்தால், அவள் முகத்தில் எப்படி முழிப்பது? "ஒரு... ஒரு நேர்ச்ச," என்றார்.

விக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு மூணாவது ஓல. நான் குடும்பத்தோட கோயில்ல இருப்பேன். தட இருந்தா ஆம்பிளையா எந்திரிச்சி அங்க வச்சிச் சொல்லும். இல்லன்னா நான் எந்திரிச்சி இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிருவேன். கொழும்புப் பொண்டாட்டிக்காரன்னு பேரு வாங்கிட்டு எம்மவன் கல்யாணம் கட்டவேண்டாம்."

அவர் போனதும் வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. சௌந்தரி அழவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. பயந்துபோன மனுசனுக்குப் புத்தி எப்படிப் போகும் பாருங்கள்! அம்புரோஸ் நேரே போய் வண்டிக்காரர் சொரிமுத்துவிடம், காலையில் வந்து நாற்காலியை ஏற்றிக்கொண்டு, பூசை முடிகிறபோது கோயில் வாசலில் நிற்கும்படி சொல்லிவிட்டு வந்தார். மிஷின் வந்துவிட்டால் தெருவில் நடக்கவேண்டாம். நடக்காவிட்டால் பேச்சு அடங்கிவிடும். இது அவருடைய கணக்கு.

"மிசினு வந்தா கொழும்புப் பொண்டாட்டி போயிருவாளா?" என்றாள் பிலோமி. அவர் நாற்காலியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எள் போட்டால் விழாத கூட்டம். பக்தியால் வந்த கூட்டம் இல்லை என்பது சாமியாருக்கும் தெரிந்திருக்கும். ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் விக்டர், அவருக்குப் பின்னால் அம்புரோஸ். பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் சௌந்தரி. அவளுக்கு அந்தப்பக்கம் பேபி, கண்ணை எடுக்காமல்.

பிரசங்கம் முடிந்தது. சாமியார் ஓலையை எடுத்தார். "நமது பங்கைச் சேர்ந்த விக்டர் மகன் ஹென்றிக்கும், அம்புரோஸ் மகள் ஞானசௌந்தரிக்கும்... மூன்றாம் முறையாக அறிவிக்கப்படுகிறது. தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

கோயில் மொத்தமும் அம்புரோஸைத் திரும்பிப் பார்த்தது. விக்டரின் கை முன்பலகையை இறுகப் பிடித்தது. மனுசன் எழுந்திருக்கப் போகிறார். அம்புரோஸ் மகளைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. கீழே தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படி எழுந்தோம் என்று அவருக்கே தெரியாது. எழுந்துவிட்டார்.

"சாமி, தட ஒண்ணும் கெடையாது. ஹென்றி தங்கமான பய. எனக்குத்தான் சுகர்."

துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"டாக்டர் தெனமும் மூணு மைல் நடக்கச் சொன்னாரு. சொன்னா சம்பந்தம் முறிஞ்சிரும்னு பயந்து, ஒங்களப் பாக்கப் போறேன்னு எல்லாருட்டயும் பொய் சொன்னேன். எங்கப்பாவுக்குக் கப்பல் வடம் அறுத்துத்தான் கால் போச்சின்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கோம். அதுவும் பொய்தான் சாமி. அதுவும் சுகருதான். எனக்கும் கால் போயிரும்னு பயமா இருக்கு."

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனால் நீர் ஒருநாளும் என்னை வந்து பார்க்கவில்லையே?"

"அதத்தான் சாமி சொல்லுதேன்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குள் விக்டர் எழுந்தார். அவர் கோட்டுப் பித்தானை ஒருமுறை திருகினார்.

"சாமி, எனக்கும் உண்டு. ஒம்போது வருசமா."

"பன்னெண்டு வருசம்!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து அவர் சம்சாரத்தின் குரல் வந்தது.

"பன்னெண்டு," என்று விக்டர் திருத்திக்கொண்டார். "தரகர்ட்ட நாங்களும் மறச்சிட்டோம்."

தூணோரம் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். கோயில் கணக்கப்பிள்ளையும் பாதி எழுந்துவிட்டார். சாமியார் இரண்டு கையையும் தூக்கி, "எல்லாரும் உட்காருங்கள்! இது பாவம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டி இல்லை!" என்று சத்தம் போட்டார். போட்டவர் முகத்திலும் சிரிப்பு. மூன்றாவது ஓலைக்குத் தடை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வெயிலில் சொரிமுத்து நாற்காலி ஏற்றிய வண்டியோடு நின்றார். விக்டர் அதைச் சுற்றிவந்து விசயத்தைக் கேட்டுக்கொண்டார். கேட்டதும் அவர் கண் மின்னியது. "ஓய் சம்பந்தி, அந்த மிசினச் சீர்வரிசையில சேத்திரும்வே!"

"செருப்ப மாட்டிக்கிட்டு நடங்க!" என்று அவர் சம்சாரம் பின்னாலிருந்து அதட்டினாள். "பன்னெண்டு வருசமா கோயிலுக்கு நடக்காத மனுசன் மிசினுல நடப்பாராம்!"

அம்புரோஸ் வண்டியையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். "சொரிமுத்து, நாற்காலிய வீட்டுல எறக்கிரும். கப்பலுக்கு நான் சேதி சொல்லி அனுப்பிக்கிடுதேன்."

பிலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நாற்காலியோடு தானும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஞானசௌந்தரி ஏறவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லாப்பா."

"ஒனக்குத்தானேம்மா பயந்தேன்."

"ரெண்டு வாரமா என்னய எழுப்பாம பைய கதவத் தொறந்து போவிய. நான் முழிச்சித்தான் கெடப்பேன். ஒங்களுக்கு மாப்பிள்ளையப் பிடிக்காம சாமியார்ட்ட அழப் போறியளோன்னு நெனச்சேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நடங்க. கடக்கரை வழியாச் சுத்திப் போவோம். நானும் வாரேன்."

நடந்தார்கள். அவர் மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் அவளும் நின்றாள். தன் சேக்காளிகளைப் பற்றி, ஹென்றியின் அம்மா பேசுகிற தினுசைப் பற்றி, என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள். இவளுக்கு இவ்வளவு பேச வரும் என்றே அம்புரோஸுக்கு இதுவரை தெரியாது. கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அப்புறம் அவள் விக்டர் வீட்டுப் பெண். இப்படிக் கூட நடந்திருக்கவேண்டிய காலைகளை, தனியாகப் போய் ஒரு இரும்புக் கேட்டைத் தொட்டுவிட்டு வந்தே தொலைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எத்தன மணிக்குப்பா?" என்றாள் ஞானசௌந்தரி.

"அஞ்சுக்கு," என்றார். பிறகு, "நாலரைக்கே போவோம்," என்றார்.